பாம் இல்லாத இடம்

நவம்பர் 3, 2025

பிசானத்துக்கு நாற்றுப் பாவியாகிவிட்டது, வயக்காட்டு வழியெல்லாம் தண்ணீர். நனைந்துகொண்டே ஆய்வகம் போனால் சீக்வென்ஸிங் (டிஎன்ஏ எழுத்துகளைப் படிக்கும் சோதனை) முடிவு இன்றும் வரவில்லை. சும்மா இருக்கும் நேரத்தில் செய்ததையாவது எழுதி வைக்கிறேன்.

அம்பாசமுத்திரத்தில் உருவான ஏ.எஸ்.டி. 16, அதாவது எங்கள் வீட்டு இட்லி அரிசி. அதில் ஒரு ஜீனின் டிஎன்ஏ எழுத்துகளில் ஒரே ஒரு ‘ஏ’யை ‘ஜி’யாக மாற்ற வேண்டும். எந்த ஜீன் என்று வெளியில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

டிஎன்ஏவை வெட்டும் கேஸ்9 நொதி நினைத்த இடத்தில் உட்காராது. அதற்கு வழிகாட்டும் கைடு ஆர்என்ஏ சுட்டும் 20 எழுத்தை ஒட்டி, ஒரு எழுத்து விட்டு இரண்டு ஜி இருக்க வேண்டும். அந்த மூன்றெழுத்துதான் பாம். இரண்டு இழையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சராசரியாக எட்டு எழுத்துக்கு ஒன்று கிடைக்கும். தாராளம்தானே? இல்லை. கேஸ்9ஓடு சேர்ந்து ஒரு எழுத்தை மாற்றும் கருவியான பேஸ் எடிட்டருக்கு, மாற்ற வேண்டிய எழுத்து அந்த 20இல் ஏறக்குறைய நாலாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் வந்து விழ வேண்டும். எங்களுக்கு விழவில்லை.

அதனால் ஸ்பிரை. 2020இல் வந்த, கிட்டத்தட்ட எந்தப் பாமையும் ஏற்கும்படி மாற்றிய கேஸ்9 நொதி. ஜி இரண்டையும் பிடிக்கும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் இரண்டை (1333, 1335ஆம் இடங்கள்) மாற்றிவிட்டு, பிடி நழுவாமல் இருக்க வேறு இடங்களில் புதிய ஆர்ஜினின்களைச் சேர்த்திருக்கிறார்கள். படித்த அன்று கைதட்டத் தோன்றியது.

நவம்பர் 8

போனில் நான் பேசியதைக் கேட்டுவிட்டு ஆச்சி, “ஏட்டி, எங்கட்டி பாம்பு?” என்று பதறினாள். பாம்பு இல்லை ஆச்சி, பாம். தாக்க வந்த வைரஸின் துண்டுகளை பாக்டீரியா தன் டிஎன்ஏவிலேயே சேமித்து வைக்கும். வைரஸில் அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் பாம் இருக்கும், சேமித்த இடத்தில் இருக்காது. அதனால் கேஸ்9 தன் வீட்டை வெட்டுவதில்லை என்றேன்.

“அப்ப அது அடையாளம்லா? அத ஏன் எடுத்தீய?”

சொதி ஆறுகிறது என்று பேச்சை மாற்றினேன்.

நவம்பர் 12

ஒருவழியாக முடிவு வந்தது. சில கேலஸ்களில் (தட்டில் வளர்க்கும் நெல் செல் திரள்கள்) நாங்கள் கேட்ட எழுத்து மாறியிருக்கிறது. கூடவே, நெல்லுக்குள் நாங்கள் அனுப்பிய டி-டிஎன்ஏ என்ற துண்டில் கைடு எழுதியிருந்த இடமும் மாறியிருக்கிறது! அதே 20 எழுத்து அங்கும் இருக்கிறது, பாம் பார்க்காத நொதி அங்கும் வேலையைக் காட்டிவிட்டது. எழுத்து மாறிய கைடு இனி வேறெங்கே வழிகாட்டுமோ.

இது புதிதுமில்லை. நெல்லில் ஸ்பிரை தன் கைடையே திருத்தும் என்று 2021லேயே ஒரு கட்டுரை சொன்னது. என் பிரதியில் அந்த வரி மஞ்சள் பூசிக் கிடக்கிறது. பூசியவள் நான்தான்.

நவம்பர் 13

பஸ்ஸில் ஒன்று உறைத்தது. அந்தத் துண்டைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏவான பிளாஸ்மிட்டில் கைடின் 20 எழுத்துக்கு அடுத்து வருவது ஜி-டி-டி. சாதா கேஸ்9 ஜிஜி தேடுவதால் அதைத் தொடாது. ஜி-டி-டி ஸ்பிரைக்கும் அவ்வளவாகப் பிடிக்காத வகைதான், ஆனாலும் விடுவதில்லை. அப்படியானால் எங்களுக்கு வேண்டியது எல்லாக் கதவையும் திறக்கும் சாவி இல்லை. எங்கள் கதவை மட்டும் திறந்து, ஜி-டி-டியைத் திறக்காத சாவி.

நவம்பர் 17

கிடைத்தது. ஜிஜியும் ஸ்பிரையுமாகவே தேடியதில் கவனிக்காமல் விட்ட ஒரு டி-ஜி-ஏ, சரியான தூரத்தில் இருக்கிறது. ஜி-ஏவை ஏற்கும் விக்யூஆர் என்ற கேஸ்9 மாற்றுரு 2015லேயே வந்துவிட்டது, மூன்றே அமினோ அமில மாற்றம். பத்து வருஷப் பழைய நொதி!

அரிய கல்லீரல் நொதிக் குறைபாட்டோடு பிறந்த ஒரு குழந்தைக்கென்றே தயாரித்து இந்த வருஷம் ஃபிலடெல்ஃபியாவில் கொடுத்த பேஸ் எடிட்டரும், ஜி-சி பாமுக்கென மாற்றிய கேஸ்9தான். இந்த வருஷமே வந்த இன்னொரு ஆய்வில், 6.4 கோடி கேஸ்9 மாற்றுருக்கள் எந்தெந்தப் பாமை ஏற்கும் என்று கணினியே கணித்திருக்கிறது. அதையெல்லாம் வாசித்துவிட்டு நான் போய்ச் சேர்ந்தது 2015க்கு.

புதிய கைடுக்கு ஆர்டர் போட்டாயிற்று. ஸ்பிரை கேலஸ் தட்டுகளை ஆட்டோகிளேவில் (நீராவியில் கிருமி அழிக்கும் கருவி) போட இன்று மனசு வரவில்லை. நாளைக்குப் போடுகிறேன்.