அழகர்மலையை நடந்தே பாருங்கள்

மதுரைக்கு வடக்கே இருபது கிலோமீட்டர் சொச்சம்தான் அழகர்கோவில். பஸ்ஸை விட்டு இறங்கி, கள்ளழகரைச் சேவித்து, வண்டியிலேயே மேலே போய் நூபுர கங்கையில் குளித்துவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடுகிறோம். அப்படிப் போனால் மலையில் பாதியைக்கூடப் பார்த்ததாகாது.

முதலில் கிடாரிப்பட்டிப் பக்கம் போங்கள். அங்கே மலையேறினால் பெரிய குகைத்தளம் ஒன்று இருக்கிறது, பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள், ஆனால் அவை சமண முனிவர்களுக்காகப் பாறையில் வெட்டிய படுக்கைகள். பக்கத்திலேயே சுனை. குகையின் நெற்றியில் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்துகள், ஏறக்குறைய 2,000 வருடப் பழமை. அதில் நிறைய வியாபாரிகளின் பெயர்கள்! உப்பு வணிகன், வெல்லப்பாகு விற்ற பாணித வணிகன், கலப்பைக்குக் கொழு விற்ற கொழு வணிகன். உப்பு விற்ற ஒரு மனிதர் முனிவர்களின் படுக்கைக்குத் தன் காசைக் கொடுத்திருக்கிறார், வியகன் என்ற அவர் பெயர் இன்னும் அந்தப் பாறையில் நிற்கிறது. எனக்கு எந்தக் கோபுரத்தைப் பார்த்தாலும் வராத சிலிர்ப்பு இங்கே வருகிறது. தயவுசெய்து அங்கே யாரும் தங்கள் பெயரைக் கிறுக்காதீர்கள்.

அப்புறம் கோவில் பக்கம். கோட்டை மதில், பாதியில் நின்றுபோன ராயகோபுரம், பதினெட்டாம்படிக் கருப்பு சன்னதி எல்லாம் பார்த்துவிட்டு மலைப்பாதையில் நடக்க ஆரம்பியுங்கள். கொஞ்ச தூரத்திலேயே இரண்டு பக்கமும் காடு அடர்ந்துவிடும், குரங்குகள் கூடவே வரும், கையில் தின்பண்டப் பை மட்டும் வேண்டாம். திருப்பங்களில் மரங்கள் விலகும்போது கீழே பள்ளத்தாக்கும், எதிர்ச்சரிவும், அதற்கப்பால் தென்னந்தோப்பும் கண்மாயுமாகச் சமவெளியும் தெரியும். வண்டியில் போகிறவர்களுக்கு இது ஒரு நொடிக் காட்சி, நமக்கு நின்று பார்க்க நேரம் இருக்கிறது.

பழமுதிர்ச்சோலையைத் தாண்டி மேலே போனால் ராக்காயி அம்மன் சன்னதி, நூபுர கங்கை. இதுதான் சிலம்பாறு. மதுரைக்குப் போகும் கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் வழி சொல்லும்போது, திருமால்குன்றத்தையும் இந்தச் சிலம்பாற்றையும் சிலப்பதிகாரம் பேசுகிறது. அப்போதே இது நடந்து போகிறவர்களின் வழிதான்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின்னால் போனால் காடு நல்ல பச்சையாக இருக்கும். குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். கீழே வந்ததும் கோவில் தோசை கிடைத்தால் விடாதீர்கள், மிளகும் நெய்யுமாகத் தடியாக இருக்கும், ஒன்றை ரெண்டு பேர் சாப்பிடலாம்.