மே முடியும்வரை எதையும் பிடுங்குவதில்லை

மார்ச் 9, ஞாயிறு

பனி ஒருவழியாகக் கரைந்துவிட்டது. வேலியோரம் மட்டும் அழுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு குவியல் இன்னும் அடம்பிடித்துக்கொண்டு கிடக்கிறது. பூட்ஸை மாட்டிக்கொண்டு முதல் சுற்று போனேன்.

அத்தி மொட்டைக் குச்சிகளாக நிற்கிறது. லாவெண்டர் நரைத்துப்போய்ச் சாய்ந்திருக்கிறது. ரோஸ்மேரி பச்சையாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தப் பச்சையை நம்ப மனசு வரவில்லை. உள்ளே எடுத்து வைக்க மறந்த பெரிய மண்தொட்டி இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். ஈரமண் நிறைந்த தொட்டியைப் பிளக்க அது தாராளம். மறந்தது நான், தொட்டியைத் திட்டி என்ன பயன்.

போன வருஷம் நான் செய்த பாவம் ஒன்று உண்டு. குளிர் தாங்கும் என்று யாரோ கொடுத்த மரச்செம்பருத்தி, ஏப்ரல் கடைசிவரை ஒரு இலைகூட விடவில்லை. செத்ததென்று முடிவுகட்டிப் பிடுங்கினேன். வேர் வெள்ளையாக, ஈரமாக, உயிரோடு வந்தது. மற்ற செடியெல்லாம் துளிர்த்து முடித்த பிறகு சாவகாசமாகக் கண்விழிக்கும் சாதி அது என்பது பிறகுதான் தெரிந்தது. அதனால் இந்த வருஷம் ஒரே சட்டம்: மே முடியும்வரை எதையும் பிடுங்குவதில்லை. எழுதி வைத்தால்தான் என் கை அடங்கும். அதற்குத்தான் இந்தக் குறிப்பு.

கடைசியாக ஆப்பிள் கன்றுக்குப் போனேன். அங்கேதான் வயிறு கலங்கியது. நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 10

ஆப்பிளின் அடித்தண்டில் மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுற்றிலும் பட்டையே இல்லை. பனிக்கடியில் சுரங்கம் போட்டுத் திரியும் குட்டைவால் எலிகளின் வேலை. கிட்டப் போய் உட்கார்ந்து பார்த்தேன். சீப்பால் வாரியதுபோல் சின்னச் சின்னப் பல்தடம், கீழே கட்டை மஞ்சளாக, வழவழவென்று. கடித்த பட்டையின் உயரம் 12 சென்டிமீட்டர். ஒரு பக்கம் விரல் அகலத்துக்காவது விட்டுவைத்திருக்குமோ என்று தடவித் தடவிப் பார்த்தேன். இல்லை. சுற்றி வந்து முடித்திருக்கிறது.

சின்னவள் பின்னாலேயே வந்தாள். "ஏம்மா, மேல மொட்டெல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்றாள்.

நல்லாத்தான் இருக்கும். அதுதான் இதில் ஏமாற்று. தண்ணீர் உள்கட்டை வழியாக மேலே ஏறுகிறது, அதற்குக் கேடில்லை. இலை சமைக்கும் சர்க்கரை உள்பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்கும், அந்த வழி அறுந்துவிட்டது. இந்த வசந்தத்தில் இலை விடும், பூக்கூடப் பூக்கும். வேர் சேர்த்து வைத்ததைத் தின்று தீர்த்ததும் மொத்தமாக உட்கார்ந்துவிடும்.

ஒரே வழி பால ஒட்டு: கடிபட்ட இடத்துக்குக் குறுக்கே, மேல்பட்டைக்கும் கீழ்ப்பட்டைக்கும் பாலமாகக் குச்சிகளை ஒட்டுவது. அதே மரத்தில் மொட்டு உறங்கும்போதே குச்சி எடுத்து வைக்கவேண்டும். போன வருஷத் தளிர்களில் பென்சில் பருமனாக எட்டு வெட்டினேன். எது மேல்முனை என்று தெரிய, மேல்பக்கம் நூல் கட்டினேன். ஈரக் காகிதத்தில் சுற்றி, பையில் போட்டு, ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வைத்தாயிற்று. காயத்தைச் சுற்றி ஈரத்துணி கட்டினேன். பட்டை உரிந்துவரும் பருவம்வரை காத்திருக்கணும்.

மார்ச் 16

ஒரு வேலையும் இல்லை. ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்கினேன், களிமண் உருண்டையாகவே நின்றது, விரலால் தட்டியும் உதிரவில்லை. இந்த மண்ணில் மண்வெட்டி போட்டால் கட்டிதட்டிப்போய், வருஷம் முழுக்க அனுபவிக்கணும். திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 22

மண் பகலில் இளகி இரவில் இறுகி, இளகி இறுகி, இலையுதிர் காலத்தில் வைத்த ஸ்ட்ராபெரி நாற்றுகளை மேலே தூக்கிவிட்டிருக்கிறது. சில நாற்று வேர் பாதி தெரிய, நாற்காலியில் கால் தொங்கப் போட்ட பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொன்றாகக் கையால் அமுக்கி, வேர்மேல் கொஞ்சம் மக்கு உரம் போட்டேன். காலால் மிதித்தால் சீக்கிரம் முடியும், ஆனால் ஈரமண்ணை மிதிக்கக்கூடாது. முழங்கால் வலி இரவுவரை இருந்தது.

ரோடோடெண்ட்ரான் இலைகள் காற்று வந்த பக்கம் மட்டும் பழுப்பாகக் கருகியிருக்கின்றன. இது குளிர் கருக்கியதல்ல, தாகம். மண் உறைந்து வேர் தண்ணீர் இழுக்க முடியாத நாளில் வெயிலும் காற்றும் இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிவிடுகின்றன. கிளையை நகத்தால் சுரண்டினேன். பட்டைக்குக் கீழே பச்சை, ஈரம். அப்பாடா. கருகிய இலை தானாக உதிரட்டும், கத்தரி வேண்டாம்.

நடைபாதையோரப் புதருக்கு மட்டும் பூவாளி பூவாளியாகத் தண்ணீர் விட்டேன். குளிர்காலம் முழுக்கப் பனி உருகத் தூவிய உப்பு அங்கேதான் இறங்கியிருக்கும். கழுவி விடுவதைத் தவிர அதற்கு வைத்தியமில்லை.

மார்ச் 30, ஞாயிறு

ரோஜாவுக்குக் கவாத்து. மொட்டுகள் சிவப்பாகப் புடைத்துவிட்டன. இதைவிடச் சீக்கிரம் வெட்டியிருந்தால் துளிர் முந்திக்கொண்டு வந்து உறைபனியில் மாட்டும்.

தண்டு வெளியே பச்சையாகத்தான் தெரிந்தது. வெட்டினால் நடுச்சோறு காபித்தூள் நிறம். இன்னும் இரண்டு விரல் கீழே வெட்டினேன், இன்னும் பழுப்பு. மறுபடி கீழே. நாலாவது வெட்டில்தான் வெள்ளை கண்டது. முழங்கால் உயரச் செடி ஒரு சாண் ஆகிவிட்டது. வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்கு அரை சென்டிமீட்டர் மேலே சாய்த்து வெட்டி, ஒவ்வொரு செடிக்கும் நடுவே கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்தேன்.

பனியின் பாரத்தில் முறிந்த பிளம் கிளையை இவர் ரம்பத்தால் அறுத்துக்கொடுத்தார். "வெட்டின இடத்துல பெயிண்ட் அடிக்கவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அமெரிக்க வனத்துறையில் அலெக்ஸ் ஷைகோ என்று ஒருவர் இருந்தார், மரங்களை நெடுக்காக அறுத்து அறுத்துப் பார்த்தவர். மரம் நம் தோல் மாதிரி காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை, கெட்ட பகுதியைச் சுற்றித் தடுப்புச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது என்று 1977-ல் வெளியிட்டார். கிளை தண்டோடு சேருமிடத்தில் வளையம் மாதிரி ஒரு மடிப்பு இருக்கும். அதைத் தொடாமல் அறுத்தால் போதும், மீதியை மரமே பார்த்துக்கொள்ளும். டப்பாவைத் திரும்ப அலமாரியில் வைத்தவர் முகத்தில் லேசான ஏமாற்றம். பெயிண்ட் அடிப்பது அவருக்குப் பிடித்த வேலை.

ஏப்ரல் 6

மழை. ஜன்னலோரத் தக்காளி நாற்று வெளிச்சம் போதாமல் கொக்குக் கழுத்தாக நீண்டுவிட்டது. ஆழமாக மாற்றி நட்டேன், தண்டிலிருந்தே வேர் விடும்.

ஏப்ரல் 12

பகல் வெப்பம் தொடர்ந்து சில நாளாக 10 டிகிரிக்கு மேல். இலையுதிர் காலத்தில் அப்படியே விட்டிருந்த காய்ந்த பூத்தண்டுகளை இன்றுதான் வெட்டினேன். உட்குழாயான தண்டுகளில் தனித்தேனீக்கள் குளிர்காலத்தைக் கழிக்கும். ஒரு தண்டின் வாயில் மண் குழைத்து அடைத்த மூடி தெரிந்தது. அந்தத் தண்டுகளை மட்டும் முழங்கால் உயரத்துக்கு விட்டுவிட்டேன். பார்க்க லட்சணமாக இல்லை. பரவாயில்லை.

லாவெண்டரில்தான் கை நடுங்கியது. காய்ந்த நுனியை வெட்டலாம், ஆனால் இலையில்லாத பழைய கட்டைக்குள் போய்விட்டால் பெரும்பாலும் மறுபடி துளிர்க்காது. உற்றுப் பார்த்தால் சாம்பல் குச்சியில் கடுகளவு பச்சைப் புள்ளிகள். அவற்றுக்கு மேலே நிறுத்திக்கொண்டேன். மூன்று செடியில் ஒன்றில் புள்ளியே இல்லை. சட்டப்படி அதையும் விட்டுவைத்திருக்கிறேன்.

ஹைட்ரேஞ்சியாவின் பழைய பூக்கொத்தை இன்னும் தொடவில்லை. இரண்டு வருஷம் முன்பு சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று தரையோடு வெட்டி, அந்தக் கோடையில் ஒரு பூகூட இல்லாமல் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வகைக்குப் பூமொட்டு போன வருஷக் கிளையிலேயே உருவாகியிருக்கும்.

ஏப்ரல் 19, சனி

பால ஒட்டு.

கத்தி முனையால் ஆப்பிள் பட்டையை நெம்பிப் பார்த்தேன். ஈரமாக, வழுக்கிக்கொண்டு பிரிந்தது. இதுதான் பருவம். கடிபட்ட இடத்தின் மேலும் கீழும் விளிம்பை நல்ல பட்டைவரை சீவினேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குச்சிகளில் இரண்டில் பூஞ்சை. மீதி ஆறில் நேரானதாக நாலு. இரண்டு முனையையும் ஆப்பு மாதிரி சாய்த்துச் சீவி, கீழ்முனையைக் கீழ்ப்பட்டைக்கடியில் நுழைத்து, சின்ன ஆணியால் அடித்தேன். மேல்முனையும் அப்படியே. குச்சி இடைவெளியைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்து வில்லாக வளையணும், காற்றில் மரம் ஆடினால் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க. நூல் கட்டிய முனை மேலேதானா என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு தடவை பார்த்தேன். தலைகீழாக வைத்தால் அத்தனை பாடும் வீண்.

நாலாவது குச்சியில் ஆணி அடிக்கும்போது பட்டை கிழிந்துவிட்டது. இடம் மாற்றி மறுபடி. கடைசியில் எல்லா மூட்டிலும் ஒட்டு மெழுகு. பிளம் கிளைக்குப் பெயிண்ட் வேண்டாம் என்றவள் இங்கே மெழுகை அப்பிக்கொண்டிருப்பதை இவர் ஒரு மாதிரி பார்த்தார். அது வேறு, இது வேறு. இங்கே ஒட்டு பிடிக்கும்வரை மூட்டு காயாமல் இருக்கணும்.

மரத்தைச் சுற்றி நாலு வில். கூண்டு மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 25

மாலையிலேயே தெரிந்துவிட்டது. மேகமில்லை, காற்றில்லை, வானம் கண்ணாடி. இப்படிப்பட்ட இரவில் தரையின் சூடு தடுக்க ஆளில்லாமல் மேலே போய்விடும். ஹைட்ரேஞ்சியா இப்போதுதான் பச்சை விரித்திருக்கிறது, ஆப்பிளில் முதல் பூக்கள். வீட்டிலிருந்த பழைய போர்வை, படுக்கை விரிப்பு எல்லாம் வெளியே வந்தன. குச்சி நட்டு, துணி இலையைத் தொடாமல், ஓரம் தரைவரை படியும்படி மூடினோம். தரையின் சூட்டைப் பிடித்து வைப்பதுதான் காரியம். உச்சியில் தொப்பி மாதிரி கவிழ்த்தால் பிரயோசனமில்லை. ஆப்பிளுக்குத் துணி போதவில்லை.

ஏப்ரல் 26

விடியற்காலை மைனஸ் 3. ஹைட்ரேஞ்சியா தப்பியது. ஆப்பிள் பூவைப் பிய்த்துப் பார்த்தேன். இதழ் வெள்ளையாக, அழகாகத்தான் இருக்கிறது. நடுவில் சூல்முடி கரிக்கட்டை. அந்தப் பூ காய்க்காது. தப்பிய பூக்களையும் நானே கிள்ளிப் போட்டேன். வேருக்கே வழியில்லாத மரம் காய்க்கு வேறு செலவழிக்க வேண்டாம். கிள்ளக் கிள்ள வருத்தமாகத்தான் இருந்தது.

மே 4

தக்காளி நாற்றுகளை வெளிக்காற்றுக்குப் பழக்க ஆரம்பித்தேன். முதல் நாள் ஒரு மணி நேரம் நிழலில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, எட்டுப் பத்து நாள். இதெல்லாம் தெரிந்தும் இன்று போன் பேசிக்கொண்டே வெயிலில் மறந்துவிட்டேன். இலையெல்லாம் வெள்ளைத் திட்டு.

டாஃபடில் பூ முடிந்து இலை தொங்குகிறது. சின்னவள் அழகாகச் சடை பின்னி வைத்திருந்தாள். அவிழ்க்கச் சொன்னேன். ஆறு வாரமாவது இலைக்கு வெயில் படணும், அடுத்த வருஷப் பூவுக்குக் கிழங்கு இப்போதுதான் சேர்த்து வைக்கிறது.

மே 11

பால ஒட்டுக் குச்சிகளில் இரண்டில் மொட்டு வெடித்திருக்கிறது! மூன்றாவது பச்சையாக இருக்கிறது, அசையவில்லை. பட்டை கிழிந்து இடம் மாற்றிய நாலாவது சுருங்கிவிட்டது. குச்சியில் வந்த துளிர்களைத் தேய்த்து எடுத்தேன். அது கிளை இல்லை, குழாய். அங்கே இலை வளர விடக்கூடாது.

ரோஸ்மேரியைத் தொட்டேன். பச்சை இலை கையோடு கொட்டியது. சுரண்டினால் அடிவரை பழுப்பு, சருகு. எப்போதோ செத்திருக்கிறது, இலைக்குத்தான் சேதி எட்டவில்லை.

மே 24, சனி

அத்தி. மேல்குச்சிகளை நான் சுரண்டாத இடமில்லை, எல்லாம் சருகு. களை எடுக்கையில் தண்டின் காலடியில் மூடாக்கை விலக்கினால், மண்ணைப் பிளந்துகொண்டு பச்சை மூக்கு மூன்று. ஒன்று ஏற்கெனவே விரல் நீளம், இலை இன்னும் விசிறி மடிப்பாக. இந்த அத்தி ஒட்டுச் செடி இல்லை, குச்சி வைத்து வளர்த்தது, அதனால் அடியிலிருந்து வருவதும் அதே ரகம்தான். ரோஜாவில் இப்படி ஒட்டுக்குக் கீழேயிருந்து வந்ததை நேற்றுத்தான் பிய்த்துப் போட்டேன், அது காட்டு வேரின் துளிர். காய்ந்த அத்திக் குச்சிகளை உயிருள்ள இடம்வரை வெட்டினேன். இந்த வருஷம் பழம் கிடையாது.

ரோஸ்மேரியையும் புள்ளியில்லாத லாவெண்டரையும் பிடுங்கினேன். சட்டப்படி இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, தெரியும். வேரைப் பார்த்தேன், கறுத்து நொறுங்கியது. மனசு கேட்கவில்லை என்று இன்னொரு தடவையும் பார்த்தேன்.

ஆப்பிளில் மூன்றாவது குச்சியும் பிடித்துவிட்டது. மூட்டில் மெழுகைத் தள்ளிக்கொண்டு வெள்ளையாகத் திசு புடைத்திருக்கிறது. இவர் கம்பிவலையைக் குழாயாகச் சுருட்டி அடித்தண்டைச் சுற்றி நட்டார். அடியை மண்ணுக்குள் நாலு விரல் புதைத்தார். "எவ்வளவு உயரம் விடணும்?" என்றார். போன குளிர்காலத்தில் பனி எதுவரை நின்றது என்று வேலிக் கட்டையில் கறை இருக்கிறது. அதற்கு மேலே ஒரு சாண் சேர்த்துக் காட்டினேன்.