ஐபிபிஎஸ் எழுத்தர் தேர்வு: 4 கேபி கையொப்பத்தால் போன ஓராண்டு

பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐபிபிஎஸ் நடத்தும் எழுத்தர் தேர்வில், வேலை கிடைத்தவர்களின் தற்காலிக ஒதுக்கீட்டுப் பட்டியலில் என் எண்ணைப் பார்த்து நான்கு நாட்கள் ஆகின்றன. இன்னும் காலையிலும் இரவிலும் ஒரு முறை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. எந்தப் புத்தகம் படிப்பது, எத்தனை மாதிரித் தேர்வு எழுதுவது என்பதைப் பற்றியெல்லாம் பலர் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது உலாவியில் நாம் திறக்கும் இலவசக் கருவிகளைப் பற்றி. அதில் சறுக்கியதால்தான் எனக்கு ஓராண்டு வீணானது.

முதல் முறை, கடைசி நாள் இரவு விண்ணப்பத்தில் உட்கார்ந்தேன். புகைப்படம் ஏறிவிட்டது. கையொப்பம் ஏறவில்லை. அறிவிப்பில் இருந்தபடி 140 × 60 பிக்சலுக்குச் சுருக்கியிருந்தேன்; கோப்பு 4 கேபி (கிலோபைட்) தான் வந்தது. குறைந்தது 10 வேண்டும். கேபியைக் கூட்டித் தருவதாகச் சொன்ன தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்று, படத்தின் மூலையில் தன் பெயரைப் பதித்துக் கொடுத்தது. இன்னொன்றில் ‘பதிவிறக்கு’ என்று மூன்று பச்சைப் பொத்தான்கள். நான் அழுத்தியது விளம்பரம். அதிலிருந்து ஏதோ நீட்சி (எக்ஸ்டென்ஷன்) உலாவிக்குள் புகுந்து, தேடல் பக்கமே மாறிப்போயிற்று. மூன்றாவது தளம் கையொப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, கோப்பைத் திருப்பித் தர மின்னஞ்சல் முகவரி கேட்டது. கொடுத்தேன். கோப்பு வரவில்லை. மணி 12 ஆகிவிட்டது. பக்கத்து அறையிலிருந்து அம்மா, “பணம் கட்டிவிட்டாயா?” என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

விஷயம் இவ்வளவுதான். ஒரு படக் கோப்பின் எடை முக்கியமாக இரண்டைப் பொறுத்தது: எத்தனை பிக்சல், எவ்வளவு தரம். 140 × 60 என்றால் மொத்தமே 8,400 பிக்சல். வெள்ளைத் தாளில் ஒரு கறுப்புக் கோடு. 10 கேபிக்கு அதில் என்ன விவரம் இருக்கப்போகிறது? அறிவிப்பைத் திரும்பப் படித்தபோதுதான் பார்த்தேன், அந்த அளவுக்குப் பக்கத்தில் ‘விரும்பத்தக்கது’ என்று போட்டிருந்தார்கள். கறாரானது கேபி வரம்புதான். அடுத்த ஆண்டு அதே 7:3 விகிதத்தில் 280 × 120 வைத்துத் தரத்தைக் கூட்டினேன். 13 கேபி வந்தது. முதல் முயற்சியிலேயே ஏறியது.

இதைச் செய்தது ஸ்குவூஷ் என்ற கருவியில். கூகுள் குரோம் குழுவினர் உருவாக்கியது, இலவசம், கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. அகலம், உயரம் தட்டச்சு செய்து, மோஸ்ஜேபெக் (ஜேபெக் படம் தருவது) என்பதைத் தேர்ந்து, தரத்தின் அளவுகோலை நகர்த்தினால் கேபி மாறுவது கண்முன்னே தெரியும். படத்தை வெட்டும் வசதி அதில் இல்லை. அதைக் கைப்பேசியிலேயே முதலில் முடித்துக்கொள்ளுங்கள். வெட்டாமல் சுருக்கினால் கையொப்பம் நசுங்கிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அதில் படம் நம் கணினியை விட்டு வெளியே போவதில்லை. எந்தக் கருவிக்கும் நான் இப்போது வைக்கும் சோதனை இதுதான்: பக்கம் முழுதாகத் திறந்ததும் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். பிறகு, ஒன்றுக்கும் உதவாத ஒரு படத்தைக் கொடுத்துப் பாருங்கள். வேலை நடந்தால் அது உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கிறது. நடக்காவிட்டால் கோப்பை எங்கோ ஒரு சர்வருக்கு அனுப்பும் கருவியாக அது இருக்கலாம். உண்மையான கோப்பையும் இணைப்பில்லாமலே முடித்து, தாவலை மூடிய பிறகே இணைப்பைப் போடுகிறேன். இது அதிகப்படியான பயம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாம் ஏற்றுவது கையொப்பமும் பெருவிரல் ரேகையும். கையொப்பத்தை மாற்றுவது எளிதல்ல; ரேகையை மாற்றவே முடியாது. 2025 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. டென்வர் அலுவலகமே இலவசக் கோப்பு மாற்றித் தளங்கள் வழியாகத் தீநிரல் (மால்வேர்) பரவுவதாக எச்சரித்தது.

நான்கு கோப்புகளுக்கும் என் குறிப்பு (உங்கள் ஆண்டு அறிவிப்போடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்):

- புகைப்படம்: 200 × 230, 20 முதல் 50 கேபி.
- கையொப்பம்: 10 முதல் 20 கேபி. கறுப்பு மை. ஆங்கிலப் பெரிய எழுத்தில் (கேப்பிடல்) போடாதீர்கள்.
- இடது பெருவிரல் ரேகை: 240 × 240, 20 முதல் 50 கேபி. மையை லேசாகத் தொடுங்கள். அப்பினால் கோடுகள் மறையும்.
- கைப்பட எழுதும் உறுதிமொழி: 800 × 400, 50 முதல் 100 கேபி. ஆங்கிலத்தில், உங்கள் கையாலேயே. இதற்கும் பெரிய எழுத்து ஆகாது.
- முதலில் வெட்டு, பிறகு பிக்சல், கடைசியில் தரம். வரிசையை மாற்ற வேண்டாம்.

படிப்புக்கு நான் பயன்படுத்தியவை மிகக் குறைவு. பத்துத் தாவல் திறந்தால் எனக்குக் கவனம் நிற்காது. மாதாந்திர நடப்பு நிகழ்வுகள் பிடிஎஃப் நூற்றுக்கணக்கான பக்கம் வரும். அதைப் பிரிக்கத் தனித் தளம் தேவையே இல்லை. உலாவியில் திறந்து, அச்சிடும் கட்டளை கொடுத்து, பிடிஎஃப் ஆகச் சேமி என்பதைத் தேர்ந்து, பக்க எண்களைக் குறித்தால் போதும். வங்கி, பொருளாதாரம் தொடர்பான பக்கங்களை மட்டும் அப்படிப் பிரித்துக் கைப்பேசியில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் படித்ததுதான் பாதி.

மாதிரித் தேர்வுத் தவறுகளுக்குக் கூகுள் ஷீட்ஸ். தேதி, பகுதி, கேள்வி வகை, காரணம் என்று நான்கே பத்திகள். ஒரு மாதம் கழித்துக் காரணங்களை எண்ணிப் பார்த்தேன். தெரியாமல் விட்டதைவிட, ஒரு பகுதிக்கான 20 நிமிடக் கடிகாரத்துக்குப் பயந்து கேள்வியைப் பாதியிலேயே விட்டுத் தவறாகக் குறித்தவைதான் அதிகம். ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் போயிருக்கிறது. அன்றிலிருந்து எண்ணியல் பகுதியில் விளக்கப்படக் கேள்விகளைக் கடைசிக்குத் தள்ளினேன். எனக்கு மதிப்பெண் ஏறியது அங்கேதான்.

இந்த முறை தங்கை எழுதுகிறாள். அறிவிப்பு இன்னும் வரவில்லை. நேற்று இரவே நான்கு படங்களையும் எடுத்து, இணைப்பைத் துண்டித்து, அளவு பார்த்து ஒரே கோப்புறையில் போட்டுவிட்டோம். அவளுடைய கையொப்பம் 12 கேபி.