மயிலைக் காளைக்கு ஒருவழியாகச் சுழி விழுந்தது

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் நான் செய்துவரும் காங்கேயம் காளை இது, வெண்சாம்பல் நிற மயிலை. அதன் நெற்றியில் முடி ஒரு புள்ளியைச் சுற்றித் திரும்பும் சுழி, நேற்று இரவு பதினொன்றரை மணிக்குச் சரியாக விழுந்துவிட்டது. ஒரு ரூபாய்க் காசு அளவு இடம். அதற்கு மூன்று வாரம் போயிருக்கிறது.

காளையின் உடம்பைச் செதுக்கும் ஸ்கல்ப்ட், அதன் வலையைச் சீராக்கும் ரீடோப்போ, மேற்பரப்பைத் தட்டையாக விரிக்கும் யூவி எல்லாம் கார்த்திகையிலேயே முடிந்தது. திமில் எனக்கு முழுத் திருப்தி. கொம்பு அகன்று, பின்னால் வளைந்து, நுனிகள் ஒன்றை ஒன்று பார்க்க வரும் அந்த வளைவும் நன்றாகவே வந்திருக்கிறது. மாமா வீட்டுக் காளையை அளவுநாடா வைத்து அளந்து, பிளெண்டரிலும் அதே நாலரை அடி உயரத்தில் வைத்திருக்கிறேன். முடியின் நீளம், தடிமன் எல்லாம் நிஜ அளவில் கொடுக்க இது ரொம்ப உதவுகிறது.

பொங்கலுக்கு வெள்ளகோவில் பக்கம் ஊருக்குப் போனபோது லேப்டாப்பில் அப்புச்சியிடம் (அம்மாவின் அப்பா) காட்டினேன். கண்ணபுரம் சந்தையில் ஐம்பது வருசமாக மாடு பிடித்தவர். காளையைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னார். திமிலுக்குத் தலையாட்டினார். அப்புறம், "ஏங்கண்ணு, சுழி எங்க?" என்றார்.

"முடியெல்லாம் ஒழுங்காத்தானுங்க அப்புச்சி படிஞ்சிருக்குது?"

"அதாஞ் சாமி தப்பு. சுழியில்லாம மாடு பொறக்குமா?"

அவர் சொன்னதற்குக் கணிதத்திலேயே ஆதாரம் இருக்கிறது. ஒரு பந்து முழுக்க முடி முளைத்திருந்தால், ஓரிடத்திலாவது சுழியோ நட்டுக்கொண்ட முடியோ இல்லாமல் அதைப் படிய வாரவே முடியாது. இதைப் பொதுவான வடிவில் ப்ரௌவர் 1912-இல் நிறுவினார். என் காளையில் அந்த இடம் தாடைக்கு அடியில் அலங்கோலமாக ஒளிந்திருந்தது. அங்கே நான் கேமராவைக் கொண்டுபோனதே இல்லை.

பட்டிப் பொங்கலன்று காளையைக் குளிப்பாட்டும்போது பக்கத்தில் நின்று நூற்றுக்கும் மேல் படம் எடுத்தேன். மாட்டை வரைகிறவர்களும் செதுக்குகிறவர்களும் இதைக் கட்டாயம் செய்யுங்கள். காய்ந்த உடம்பில் முடி ஒரே வழவழப்பாகத் தெரியும். நனைந்ததும் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கோடு போட்டுக் காட்டிவிடும். நெற்றியில் நடுப்புள்ளியில் நாலைந்து முடி செங்குத்தாக நிற்கிறது. அதைச் சுற்றி வலப்பக்கமாகச் சுழன்று, இரண்டு விரற்கடை தாண்டியதும் மூக்குப் பக்கம் கீழே இறங்கிவிடுகிறது.

இதை பிளெண்டரின் முடி வசதியான ஹேர் கர்வில் கொண்டுவருவதில்தான் மூன்று வாரம். முடியை வாரும் கோம் பிரஷ்ஷால் எவ்வளவு சுழற்றினாலும், கடைசிப் படமான ரெண்டரில் அந்த இடம் மட்டும் சொட்டையாகவோ துடைப்பக்கட்டை மாதிரியோ நின்றது. முடி அடர்த்தியைக் கூட்டினேன், முடியைத் தாறுமாறாக்கும் நாய்ஸைக் குறைத்தேன், பயனில்லை. கடைசியில்தான் காரணம் பிடிபட்டது. உடம்பு முழுக்க, மற்ற முடிகளுக்கு வழிகாட்டும் கைடு கர்வ்களை மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்திருந்தேன். சுழியே அந்த அகலம்தான். எதிரெதிராகப் படுத்திருக்கும் இரண்டு கைடுகளுக்கு நடுவில் வரும் முடிக்கு, இடைவெளியை நிரப்பும் இன்டர்போலேட் நோடு சராசரி எடுக்கிறது. இடமும் வலமும் அடித்துக்கொண்டு போக, மிஞ்சுவது குட்டை முடி. சராசரிக்கு எடுக்கும் கைடுகளை நான்கிலிருந்து ஒன்றாக்கினால் சொட்டை போனது, ஆனால் ஒட்டுப்போட்ட துணி மாதிரி திட்டுத்திட்டாகத் தெரிந்தது. சுழிக்குள் மட்டும் நாலு மில்லிமீட்டருக்கு ஒரு கைடு வைத்து, சராசரிக்கு எடுக்கும் எண்ணிக்கையை இரண்டாக்கி, நடுவில் ஐந்து கைடுகளைச் செங்குத்தாக விட்டேன். படிந்துவிட்டது.

இன்னொன்று, ஒரு பக்கம் செய்வதை மறுபக்கமும் கண்ணாடி போலச் செய்யும் எக்ஸ் சிமெட்ரியை அணைக்க மறக்காதீர்கள். அது ஓடிக்கொண்டிருந்ததால் முதல் வாரம் முழுக்க நெற்றியில் இரட்டைச் சுழி, ஒன்று வலம், ஒன்று இடம். அந்தக் கோப்பைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

நிறத்திலும் பாடம் கற்றேன். மயிலை என்றதும் முடிக்கு அடியில் தோலையும் வெளிர் நிறமாக வைத்திருந்தேன், காளை பீங்கான் பொம்மை போலிருந்தது. தோல் கறுப்பு. அதைக் கறுப்பாக்கியதும் வெள்ளை முடிக்குள்ளிருந்து அந்த நீலச் சாம்பல் தானாக எழுந்து வந்தது. திமிலுக்கும் முன்னங்கால் சப்பைக்கும், முடியைக் கறுப்பாக்கும் மெலனினை மட்டும் ஏற்றினேன்.

நடுவில் டேப்லெட்டில் வரையும் பேனாவின் நிப் தேய்ந்துபோய், ஆன்லைனில் பத்து நிப் வாங்கினேன். ஒரிஜினல் என்று போட்டிருந்தார்கள், இரண்டு மணி நேரத்தில் உளி மாதிரி சப்பையாகிவிட்டது. திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார்கள். கோவையில் நேரில் தொட்டுப் பார்த்து வாங்க நல்ல கடை தெரிந்தால் சொல்லுங்கள்.

காளை முடிவதற்குள்ளேயே கன்றுக்குட்டி ஆசை வந்துவிட்டது. காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து ஆறு மாத வாக்கில் நிறம் மாறும். ஒரே கன்றை, முடியின் செம்மையைக் கூட்டிக் குறைக்கும் மெலனின் ரெட்னஸ் மூலம் மாதம் மாதமாக மாற்றிக் காட்டலாம். பின்னணிக்கு கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியுமாக, கொங்கு நாட்டு மேய்ச்சல் நிலமான ஒரு கொரங்காடு. வேலி மட்டும் ஸ்கேட்டர் செய்து (ஒரே செடியைப் பல இடத்தில் தூவி) பார்த்துவிட்டேன், நன்றாக வருகிறது.

இப்போதைக்கு உங்கள் கண் வேண்டியது இரண்டு இடத்துக்கு. கழுத்துக்கு அடியில் தொங்கும் அலைதாடி மடிப்புக்குள் முடி ஒன்றோடொன்று குத்திக்கொள்கிறது. மடிப்பை ஸ்கல்ப்டிலேயே ஆழம் குறைக்கலாமா, அங்கே முடி அடர்த்தியைக் குறைக்கலாமா? காதுக்குள் இருக்கும் நீள முடியும் பஞ்சு மாதிரி தெரிகிறது என்று நினைக்கிறேன். தயங்காமல் குறை சொல்லுங்கள்.

முதுகுச் சுழி இன்னும் பாக்கி. பூரான் ஊர்வது போல நீளமாக வரும் சுழி மேல் நோக்கி ஏறினால் ஏறுபூரான், நல்ல சுழி. கீழ் நோக்கினால் இறங்குபூரான், சந்தையில் கழித்துவிடுவார்கள். நான் வாரி வைத்திருப்பது எது என்று எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகிறேன். அப்புச்சியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் அதை வாரப்போகிறேன்.