ஒரு கட்டில் வாடகைக்குப் போக விளம்பரச் செலவு எவ்வளவு?

வேலூர் தோட்டப்பாளையத்தில் நோயாளிக் கட்டில், சக்கர நாற்காலி, காற்று மெத்தை வாடகைக்குக் கொடுக்கிறேன். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிறவர்களை நம்பித்தான் பிழைப்பு. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று எங்கிருந்தோ வந்து லாட்ஜிலோ வாடகை வீட்டிலோ மாதக்கணக்கில் தங்குவார்கள். டிஸ்சார்ஜ் என்று சொன்ன அன்று மாலைக்குள் கட்டில் வேண்டும். அந்த அரை நாளில் என் நம்பர் அவர்கள் கண்ணில் படவேண்டும், அவ்வளவுதான். இது புரிய எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

முதல் அடி ஒரு ஆன்லைன் டைரக்டரியில். வருடத்துக்கு ₹12,000. "லீடு கொட்டும் சார்" என்றார் வந்த தம்பி. லீடு என்றால் விசாரிக்கிறவர் நம்பர். கொட்டத்தான் செய்தது. ஆனால் ஒருவர் விசாரித்தால் அவர் நம்பர் இன்னும் நாலு கடைக்கும் போய்விடும். நான் கூப்பிடும்போது அந்த ஆள் எரிச்சலில் இருப்பார்.

அடுத்து ஃபேஸ்புக். கடைப் படத்தைப் போட்டு மூவாயிரம் ரூபாய்க்கு பூஸ்ட் செய்தேன், அதாவது காசு கட்டி நிறையப் பேருக்குக் காட்டச் சொன்னேன். குடியாத்தம், ஆரணி இளவட்டங்கள் எல்லாம் லைக் போட்டார்கள். காட்பாடியில் படிக்கும் அக்கா மகன் பார்த்துவிட்டு, "இன்னா மாமா, லைக்கா வந்து கட்டிலத் தூக்கினு போவுது?" என்றான். பக்கத்துக் கடை ஆரி ஒர்க் அக்காவுக்கு அதே ஃபேஸ்புக்தான் சோறு போடுகிறது. பார்த்ததும் ஆசை வருகிற பொருள் அது. நோயாளிக் கட்டிலைப் பார்த்து யாருக்கு ஆசை வரும்? தேவை வந்தவன்தான் தேடுவான்.

சரி, தேடுகிற இடத்துக்கே போவோம் என்று கூகுள் மேப்பில் கடையைப் பதிந்தேன். இது இலவசம். தெரு, பெயர்ப்பலகை, நான் ஷட்டர் திறப்பது எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக எடுத்து அனுப்பச் சொன்னார்கள். முதல் தடவை பலகையில் வெயில் அடித்து எழுத்தே தெரியவில்லை, மறுபடி எடுத்தோம். முதல் ரூபாய் செலவழிப்பதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை.

அப்புறம்தான் கூகுள் விளம்பரம். தினம் ₹150. முதல் மாதம் முழுக்கத் தப்பு. தேடல் விளம்பரத்தோடு, மற்ற வெப்சைட்டிலும் ஆப்பிலும் விளம்பரம் காட்டும் டிஸ்ப்ளே நெட்வொர்க் என்ற கட்டத்திலும் முன்கூட்டியே டிக் இருந்தது, கவனிக்கவில்லை. யாரோ விளையாடும் செல்போன் கேமுக்குள் என் காற்று மெத்தை போய் நின்றது. மொழி கேட்ட இடத்தில் தமிழ் மட்டும் வைத்திருந்தேன். என் வாடிக்கையாளர் முக்கால்வாசிப் பேர் பெங்காலிக்காரர்கள்! எந்தச் சொல்லைத் தேடி வந்து கிளிக் செய்தார்கள் என்ற பட்டியலைத் திறந்தால், 'மரக் கட்டில் விலை', 'வார்டு பாய் வேலை', 'இலவச சக்கர நாற்காலி' என்று கிடந்தது. அவர்களுக்கெல்லாம் காசு கட்டியவன் நான். இப்போது திங்கள்கிழமைதோறும் அந்தப் பட்டியலைப் பார்த்து, வேண்டாத சொற்களை விலக்குச் சொற்களில் சேர்க்கிறேன்; அவற்றைத் தேடினால் என் விளம்பரம் வராது. டீ குடிக்கும் நேரம்தான் ஆகும்.

யார் எந்த வழியாக வந்தார் என்று தெரிய, விளம்பரத்துக்கென்று தனி சிம் வாங்கினேன். மேப்பில் பழைய நம்பர். விளம்பரப் பக்கத்து வாட்ஸ்அப் பட்டனை அமுக்கினால் 'கட்டில் வேண்டும் – 2' என்று தானாக எழுதி வரும். அந்த 2 எனக்கு அடையாளம். மீதி ஒரு நாற்பது பக்க நோட்டு: தேதி, எந்த வழி, என்ன கேட்டார், எடுத்தாரா, எத்தனை மாதம்.

ஒரு மாதக் கணக்கைச் சொல்கிறேன். விளம்பரம் ₹4,500, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து ₹5,310. இந்த ஜிஎஸ்டியைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. அழைப்பு 61, வாடகைக்குப் போனது 14. ஒரு வாடிக்கையாளருக்கு ₹379. கட்டில் மாத வாடகை ₹2,500, அதற்கு இது தாங்கும். சக்கர நாற்காலி ₹700தான். வண்டிக்கூலியும் போனால் கையில் என்ன நிற்கும்? நாற்காலிக்கும் வாக்கருக்கும் விளம்பரத்தை நிறுத்திவிட்டேன். அவை மேப் வழியாகவே போகின்றன.

நோட்டு இல்லாவிட்டால் இன்னொன்றும் தெரிந்திருக்காது. விளம்பரம் வேலூரில் இருப்பவர்களுக்கு மட்டுமா, வேலூரில் ஆர்வம் காட்டுபவர்களுக்குமா என்று கூகுள் விளம்பரத்தில் ஒரு செட்டிங் உண்டு. 'மட்டும்' என்று வை, காசு மிச்சம் என்று யூடியூபில் எல்லோரும் சொன்னார்கள், வைத்தேன். அழைப்பு குறைந்தது, வீண் அழைப்புதான் போனது என்று சந்தோஷப்பட்டேன். மாதக் கடைசியில் பார்த்தால் இரண்டு மூன்று மாத வாடகைக்காரர்களைக் காணோம். கொல்கத்தாவிலிருந்து ரயில் ஏறுமுன்பே விசாரிக்கிறவர்கள்தான் நீண்ட நாள் எடுப்பவர்கள். பழையபடி மாற்றிவிட்டு, ரத்தினகிரிப் பக்கம் சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகம் வரை எல்லையையும் நீட்டினேன்.

போன மாதம் டைரக்டரித் தம்பி புதுப்பிக்கச் சொல்லி வந்தார். நோட்டைக் காட்டினேன். அவர்கள் பத்தியில் வருடம் முழுக்க மூன்று கோடு. அதற்குப் பக்கத்திலேயே 'லாட்ஜ் வாட்ச்மேன்' என்று ஒரு பத்தி. அந்த மாதம் மட்டும் ஆறு. "இது எந்த ஆப் சார்?" என்று கேட்டார்.