தத்து ஃபைல்: பேப்பருக்கும் எக்ஸ்பைரி டேட் உண்டு

நாங்க அமெரிக்கால இருந்துகிட்டு இந்தியால குழந்தை தத்தெடுத்த விஷயம் வெளிய தெரிஞ்சதுல இருந்து, "என்னென்ன டாக்குமெண்ட் வேணும், லிஸ்ட் இருந்தா அனுப்புங்களேன்"ன்னு யாராவது கேட்டுட்டே இருக்காங்க. லிஸ்ட் ஒண்ணும் ரகசியம் இல்லைங்க, காரா, அதாவது தத்தெடுப்பைக் கவனிக்கற இந்திய அரசு அமைப்பு, அதோட சைட்லயே இருக்கு, தத்தெடுப்பு ஏஜென்சிலயும் குடுப்பாங்க. பாஸ்போர்ட், கல்யாண சர்டிஃபிகேட், சம்பள விவரம், மெடிக்கல், போலீஸ் கிளியரன்ஸ், தெரிஞ்சவங்க குடுக்கற ரெஃபரன்ஸ் லெட்டர்னு அதுல இருக்கறதை எல்லாம் சேர்க்கறது பெரிய கஷ்டமே இல்ல. சேர்த்த எல்லா பேப்பரும் ஒரே நேரத்துல உயிரோட இருக்கணும், எல்லாத்துலயும் ஒரே பேரு இருக்கணும். கஷ்டம் இந்த ரெண்டுல தான், மத்ததெல்லாம் ஜெராக்ஸ் வேலை.

இது யாருக்குப் பொருந்தும்னு முதல்லயே சொல்லிடறேன். நாங்க ரெண்டு பேரும் அமெரிக்கன் சிட்டிசன், ஓசிஐ கார்டு (இந்திய வம்சாவளி வெளிநாட்டு சிட்டிசனுக்கு இந்தியா குடுக்கறது) இருக்கு, வீடு நியூஜெர்சில. நாடு விட்டு நாடு தத்தெடுக்கறதுக்கான ஹேக் ஒப்பந்தத்துல ரெண்டு நாடும் இருக்கு, இந்தியா 2003ல சேர்ந்தது, அமெரிக்காவுக்கு 2008ல அமலுக்கு வந்தது, அதனால அமெரிக்க இமிகிரேஷன்ல ஐ-800ஏ (நாம தத்தெடுக்கத் தகுதியானு பாக்கறது), ஐ-800 (குறிப்பிட்ட குழந்தைக்காகப் போடறது)ன்னு ரெண்டு ஃபார்ம் வழியா தான் போகணும், அதைப் போடறதுக்கு தம்பதில ஒருத்தராவது சிட்டிசனா இருக்கணும். கிரீன் கார்டு, எச்1பின்னு இருக்கறவங்களுக்கு இந்த வழி கிடையாது, அவங்க எதுலயும் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு இமிகிரேஷன் வக்கீலைப் பாத்துடறது நல்லது. காரா பக்கம் ஒரு நல்ல விஷயம், வெயிட்டிங் வரிசைல என்ஆர்ஐ, ஓசிஐ எல்லாரையும் இந்தியால இருக்கறவங்களுக்கு சமமாத்தான் வெக்கறாங்க.

ஊர்ல எங்க சித்தப்பா ஒவ்வொரு ஃபோன்லயும் "எதுக்கும்மா இவ்வளவு அலைச்சல், ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரு தத்துப் பத்திரம் எழுதிட்டா முடிஞ்சுது"ம்பார். அவர் சொல்றது 1956 இந்து தத்தெடுப்பு சட்டம். உள்ளூர் குடும்பத்துக்கு அது சரி, ஆனா அந்தப் பத்திரத்தை மட்டும் கையில வெச்சுகிட்டு அமெரிக்க விசாவுக்குப் போய் நின்னா வேலைக்கு ஆகாது. இதை அவருக்குப் புரிய வெக்கறதை நான் பாதிலயே விட்டுட்டேன்.

சரி, பேரு விஷயத்துக்கு வரேன். தமிழனா பொறந்ததுக்கு இந்த ஃபைல்ல தனியா ஒரு வரி கட்டணும். எங்க வீட்டுக்காரர் மார்க் ஷீட்ல முன்னாடி இனிஷியல், பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்த இனிஷியலை விரிச்சு அப்பா பேரை சர்நேம் ஆக்கிட்டாங்க, கல்யாண சர்டிஃபிகேட்ல திரும்பவும் இனிஷியல், சிட்டிசன்ஷிப் சர்டிஃபிகேட்ல அவர் பேரும் அப்பா பேரும் சேர்ந்து ஒரே வார்த்தையா ஓடுது. நமக்கு இதெல்லாம் ஒரே ஆள்னு பாத்ததுமே தெரியும், மகாராஷ்டிரால உக்காந்து ஃபைல் பாக்கற ஆபீசருக்கு எப்படி தெரியும்? அதுக்குத்தான் 'ஒன் அண்ட் த சேம்' அஃபிடவிட்னு ஒண்ணு இருக்கு, இந்த எல்லா பேரும் ஒரே ஆளோடது தான்னு நோட்டரி முன்னாடி சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கறது. யாரும் கேக்கறதுக்கு முன்னாடியே நாங்க ரெண்டு பேருக்கும் அதைப் போட்டு ஃபைலோட மேலயே வெச்சோம், அது பல கேள்வியைத் தடுத்துச்சு.

பிறந்த தேதிலயும் இதே கூத்து. மாமியார் "இவன் ஆடிப்பூரத்துக்கு மறுநாள் பொறந்தான்"னு சாதிப்பாங்க, ஸ்கூல்ல சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் போட்டது ஜூன் மாசம் ஒண்ணாம் தேதி, அதுதான் கடைசி வரைக்கும் எல்லா டாக்குமெண்ட்லயும் நிக்குது. சும்மா சிரிச்சுட்டுப் போற விஷயம் இல்ல இது, ஏன்னா காரால புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் வயசையும் கூட்டித்தான் கணக்கு: ரெண்டு வயசுக்குள்ள குழந்தைன்னா கூட்டுத்தொகை 85ஐத் தாண்டக்கூடாது, ரெண்டுல இருந்து நாலுன்னா 90, நாலுல இருந்து எட்டுன்னா 100. பார்டர்ல இருக்கறவங்களுக்கு ஹெட்மாஸ்டரோட கைராசி அங்க வேலை செய்யும்.

அடுத்தது அபோஸ்டில். வெளிநாட்டுல செல்லுபடியாகற மாதிரி நம்ம பேப்பர் மேல அரசாங்கம் வெக்கற முத்திரை அது, நோட்டரிகிட்ட கையெழுத்து வாங்கிட்டு அப்புறம் மாநில அரசுக்கு அனுப்பணும். பல மாநிலத்துல செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் ஆபீஸ்ல பண்ணுவாங்க, நியூஜெர்சில இது ட்ரெஷரி டிபார்ட்மெண்ட் கையில இருக்கு, டிரெண்டனுக்குப் போகணும். எஃப்பிஐ ரிப்போர்ட் மட்டும் இந்த வழில போகாது, அது ஃபெடரல் டாக்குமெண்ட், வாஷிங்டன்ல ஸ்டேட் டிபார்ட்மெண்ட் தான் அபோஸ்டில் குடுக்கும், அதுல நோட்டரி முத்திரையே குத்தக் கூடாது. திரும்பி வர்ற பேப்பர்ல அபோஸ்டில் ஷீட்டை மூலைல ஸ்டேப்பிள் அடிச்சோ உலோக வளையம் குத்தியோ சேர்த்திருப்பாங்க, ஸ்கேன் பண்ண வசதியா இருக்கும்னு அதைப் பிரிச்சீங்கன்னா போச்சு, ரெண்டும் வெத்துக் காயிதம். நான் பக்கத்தை லேசா மடிச்சுப் பிடிச்சுகிட்டு ஃபோன்ல தான் ஒவ்வொண்ணா ஸ்கேன் பண்ணேன், ஸ்டேப்பிள் பின் இருக்கற மூலை மட்டும் எல்லா ஸ்கேன்லயும் கறுப்பா நிழல் விழுந்து இருக்கும், யாரும் ஒண்ணும் சொல்லல. நோட்டரியோட சொந்த லைசென்ஸ் எப்ப முடியுதுன்னும் பாத்துக்கோங்க, முத்திரைலயே தேதி இருக்கும், ரெண்டு மாசத்துல முடியப்போற நோட்டரிகிட்ட டோசியே, அதாவது இந்தியாவுக்குப் போற மொத்த ஃபைலையும், குத்திட்டு வராதீங்க.

இப்ப அந்த எக்ஸ்பைரி சமாச்சாரம். பால் பாக்கெட்ல பாக்கற மாதிரி ஒவ்வொரு பேப்பர்லயும் தேதி பாக்கணும். சோஷியல் வொர்க்கர் வீட்டுக்கு வந்து, பேசி, பெட்ரூம்ல ஸ்மோக் அலாரம் இருக்கான்னு எல்லாம் பாத்து எழுதற ஹோம் ஸ்டடி காரா கணக்குல மூணு வருஷம் செல்லும். அதே ஹோம் ஸ்டடி அமெரிக்க இமிகிரேஷனுக்குப் போகும்போது எழுதி ஆறு மாசத்துக்கு மேல ஆகியிருக்கக் கூடாது. ஐ-800ஏ அப்ரூவல் 15 மாசம், கைரேகையும் 15 மாசம். காரால சின்ன வயசு, ஆரோக்கியமான குழந்தைன்னு கேட்டா மூணு வருஷத்துக்கு மேல காத்திருக்க வேண்டி வருது. கூட்டிக் கழிச்சுப் பாருங்க, எல்லாம் ஒரே நாள்ல ரெடி பண்ணி வெச்சுட்டு ஹாயா உக்காந்திருந்தா குழந்தை விவரம் வர்ற அன்னிக்கு பாதி பேப்பர் காலாவதி ஆகியிருக்கும். அதனால இந்தியா பக்கம் முதல்ல ரெஜிஸ்டர் பண்ணிட்டு, ஐ-800ஏவை வரிசை நம்பர் கிட்ட வரும்போது போடறவங்க இருக்காங்க, முன்னாடியே போட்டு சப்ளிமெண்ட் 3 ஃபார்ம்ல நீட்டிக்கறவங்களும் இருக்காங்க. நாங்க நீட்டிச்சோம். ஏஜென்சி சொல்றதைக் கேளுங்க, ஆனா தேதியை அவங்க தலைல மட்டும் கட்டாதீங்க. நான் ஃப்ரிட்ஜ் மேல ஒரு காலண்டர்ல சிவப்பு பேனாவால ஒவ்வொரு பேப்பருக்கும் முடியற தேதி எழுதி, அதுக்கு மூணு மாசம் முன்னாடி ஒரு வட்டம் போட்டு வெச்சிருந்தேன். எக்செல்லும் இருந்துச்சு, அதை யார் தொறந்து பாத்தா?

குழந்தை விவரம் வந்ததும் வேலை வேற வேகத்துல ஓடும். குழந்தையோட ஸ்டடி ரிப்போர்ட், மெடிக்கல் ரிப்போர்ட் வரும், ஒரு குழந்தை மருத்துவர்கிட்ட காட்டி சம்மதம் குடுக்கணும் (அந்த ரெண்டு நாள் பத்தி நான் எழுதப் போறதில்ல). அதுக்கப்புறம் வரிசை முக்கியம்: இங்க ஐ-800 ப்ரொவிஷனல் அப்ரூவல், விசாவுக்கு டிஎஸ்-260 ஃபார்ம், எம்பசில இருந்து ஆர்ட்டிக்கிள் 5 லெட்டர் (தத்தெடுப்பு மேல போகலாம்னு அமெரிக்கா குடுக்கற கடிதம்), அதைப் பாத்து காரா குடுக்கற என்ஓசி (ஆட்சேபனை இல்லைங்கற கடிதம்), அப்புறம் தத்து ஆர்டர். இந்த வரிசை மாறி, ஆர்ட்டிக்கிள் 5 வர்றதுக்கு முன்னாடி அங்க தத்து முடிஞ்சிடுச்சுன்னா விசாவே சிக்கல் ஆயிடும். சீக்கிரம் முடிச்சுக் குடுக்கறேன்னு யாராவது ஆர்வமா சொன்னா சந்தோஷப்படாதீங்க. முன்னாடி எல்லாம் ஆர்டர் கோர்ட்ல வாங்கணும், 2022 செப்டம்பர்ல இருந்து அந்த ஜில்லா கலெக்டர் தான் போடறார்.

அந்த ஆர்டர்ல என்ன ஸ்பெல்லிங் இருக்கோ அதுதான் பர்த் சர்டிஃபிகேட்ல, அதுதான் இந்திய பாஸ்போர்ட்ல, அதுதான் விசால. எங்க பொண்ணு பேர்ல ஒரு 'ழ' இருக்கு, அவ்வளவுதான் சொல்வேன். இங்கிலீஷ்ல அதுக்கு இசட் எச் போடுவோம்ல, அங்க டைப் பண்ணவங்களுக்கு அது தப்பா அடிச்ச மாதிரி தெரிஞ்சிருக்கு, நல்ல மனசோட எச்சைத் தூக்கிட்டாங்க. டிராஃப்ட் காப்பி வாட்சப்ல வாங்கிப் பாத்ததால தப்பிச்சோம். டிராஃப்டைக் கேட்டு வாங்குங்க, கூச்சப்படாதீங்க, ஒவ்வொரு எழுத்தா விரல் வெச்சுப் படிங்க.

லாஸ்ட் நேம் என்னன்னும் அதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடணும். எனக்கு எங்கப்பா பேரு, இவருக்கு இவங்கப்பா பேரு, நம்ம வழக்கப்படி குழந்தைக்கு இவர் பேரு, ஆக ஒரே வீட்ல மூணு லாஸ்ட் நேம். சோஷியல் வொர்க்கர் "ஆர் யூ ஷுர்?"னு கேட்டாங்க. ஷுர் தான். ஏர்போர்ட்ல எப்படியும் கேள்வி வரும், கையில ஆர்டர் காப்பி இருக்கு, காட்டிட்டுப் போறோம்.

பயண ஃபோல்டர் பத்தி. கலெக்டர் ஆர்டர் சர்டிஃபைடு காப்பி, பர்த் சர்டிஃபிகேட் ரெண்டையும் அங்க இருக்கும்போதே நாலஞ்சு வாங்கிடுங்க, அமெரிக்கால உக்காந்துகிட்டு இன்னொரு காப்பி வாங்கறது லேசு இல்ல. எதையும் லேமினேட் பண்ணாதீங்க. தத்து ஹேக் ஒப்பந்தப்படி தான் நடந்ததுன்னு காரா குடுக்கற கன்ஃபார்மிட்டி சர்டிஃபிகேட், அதாவது ஆர்ட்டிக்கிள் 23, அது இல்லாம விசா கிடையாது, அதை தனி கவர்ல வெச்சேன். போட்டோ ரெண்டு சைஸ்ல எடுத்து வைங்க, விசாவுக்கு ரெண்டுக்கு ரெண்டு இன்ச், இந்தியப் பேப்பருக்கு 35க்கு 45 மில்லிமீட்டர். மூணு வயசுக் குழந்தையை வெள்ளை சுவர் முன்னாடி வாயை மூடி, கண்ணைத் தொறந்து, நேரா பாக்க வெக்கறது தனிக் கலை, டெல்லில ஸ்டுடியோ அண்ணன் கேமராவுக்குப் பின்னாடி தலையில கர்ச்சீப்பைப் போட்டு ஆடினார், அதுக்கும் நல்லா சிரிச்சுட்டா, சிரிச்ச படம் ஆகாதுன்னு திரும்ப எடுத்தோம்.

சென்னைல கான்சுலேட் இருக்கேன்னு நினைக்காதீங்க, தத்துக் குழந்தை விசா எல்லாம் டெல்லி எம்பசில தான். அதுக்கு முன்னாடி அவங்க அங்கீகாரம் குடுத்த டாக்டர்கிட்ட மெடிக்கல். ரெண்டு வயசு ஆயிடுச்சுன்னா டிபிக்கு ரத்தப் பரிசோதனை உண்டு, ரிசல்ட் வர சில நாள் ஆகும், அதனால டெல்லி போனதும் முதல் வேலையா மெடிக்கலை முடிச்சுட்டு அப்புறம் தாஜ்மஹால் பாருங்க. தடுப்பூசி மிச்சம் இருந்தா கவலை வேணாம், பத்து வயசு வரைக்கும் உள்ள தத்துக் குழந்தைக்கு டிஎஸ்-1981னு ஒரு ஃபார்ம் இருக்கு, அமெரிக்கா போய் 30 நாளுக்குள்ள போட்டுடறோம்னு எழுதிக் குடுத்துடலாம். மாமியார் ஃபோன்ல "இன்டர்வியூ அன்னிக்கு அஷ்டமிடி"ன்னாங்க. எம்பசி காலண்டர்ல அஷ்டமி நவமி இல்ல அத்தைன்னேன். ரிட்டர்ன் டிக்கெட் மாத்தற மாதிரி எடுங்க, கொஞ்சம் காசு கூட ஆனாலும். விசாவோட மூடின கவர் ஏதாவது குடுத்தாங்கன்னா அதைப் பிரிக்காம ஹேண்ட் லக்கேஜ்ல வெச்சு அமெரிக்க ஏர்போர்ட்ல குடுக்கணும், இப்ப சில கேஸ்ல எல்லாம் எலக்ட்ரானிக்கா போயிடுது, கவரே இருக்காது.

தத்து இந்தியாலயே முடிஞ்ச குழந்தைக்குக் குடுக்கற அந்த ஐஎச்-3 விசால அமெரிக்கால இறங்கி இமிகிரேஷனைத் தாண்டின உடனே குழந்தை சட்டப்படி சிட்டிசன், 2000ல வந்த சட்டம், சர்டிஃபிகேட் அப்புறமா தபால்ல வரும். ஆனா ஃபைலை மூடிடாதீங்க. முதல் வருஷம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை, ரெண்டாவது வருஷம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை குழந்தை எப்படி இருக்கான்னு ஏஜென்சி மூலமா இந்தியாவுக்கு ரிப்போர்ட் போகணும். இந்திய பாஸ்போர்ட்டையும் சரண்டர் பண்ணணும், அப்பதான் ஓசிஐ. அந்த ஓசிஐ ஃபார்ம் தான் இப்ப லேப்டாப்ல ஓடிட்டு இருக்கு, மூணு லாஸ்ட் நேமையும் பாத்துட்டு என்ன சொல்லப் போறாங்கன்னு தெரிஞ்சதும் அதைத் தனி போஸ்ட்டா போடறேன். கேள்வி இருந்தா கீழ கேளுங்க, ஃபீஸ் எவ்வளவுன்னு மட்டும் கேக்காதீங்க, ஏஜென்சிக்கு ஏஜென்சி மாறுது.