பெயரின் நடு எழுத்து

நூலகத்தின் சீனப் பிரிவில், தாவோ மதத் துறவிகளின் பெயர்ப் பதிவுகளைச் சரிபார்ப்பது சில மாதம் என் வேலையாக இருந்தது. ஒரே ஆளுக்கு நாலு பெயர் இருக்கும், பிறந்த வருஷம் இருக்காது. திணறிப்போனேன்.

"லோங்மென் பரம்பரையா? நடு எழுத்தைப் பாருங்க" என்றார் அங்கே பல வருஷமாக வேலை பார்த்த ஒரு அம்மா. லோங்மென் என்பது தாவோ மதத்தில் ஒரு துறவிப் பரம்பரை; அதற்கு ஒரு பாட்டு உண்டு. தலைமுறைக்கு ஒரு எழுத்து; தீட்சை வாங்குகிறவர் தன் தலைமுறை எழுத்தைப் பெயரில் தாங்குவார். பாட்டில் 7-ஆவது எழுத்து 'சாங்'. ஆகவே வாங் சாங்யுவே 7-ஆம் தலைமுறை.

1656-இல் பெய்ஜிங் வெண்மேக மடத்தில் மேடை போட்டு, மூன்று படிகளாகப் பலருக்கும் ஒருசேரத் தீட்சை கொடுத்தவர் அவர். அதற்கு முன்பு அது குருவிடமிருந்து சீடனுக்குத் தனியாகப் போய்க்கொண்டிருந்தது என்பார்கள். லோங்மென் நாடெங்கும் பரவியது அதன் பிறகுதான். பரம்பரையோ தன்னைச் சியூ சூஜியின் வழி வந்ததாகச் சொல்லிக்கொண்டது. 1222-இல் செங்கிஸ் கானைச் சந்தித்து, மறு வருஷம் தன் துறவிகளுக்கு வரிவிலக்கு வாங்கிய பெரியவர். அவர் உடல் அடக்கமானதும் அதே மடத்தில்.

அப்புறம்தான் கணக்கு இடித்தது. சியூ இறந்தது 1227-இல். அங்கிருந்து 1656 வரை ஏழே தலைமுறையா? முதல் தலைமுறையான ஜாவ் தாவ்ஜியன் 1280-இல் தீட்சை பெற்றதாக, 1821-இல் வந்த பரம்பரை வரலாறு சொல்கிறது. அதை நம்பிப் பதிவில் ஏற்றியும் விட்டேன். ஆனால் அவர் செங்கிஸ் கானைப் பார்க்கப் போன பயணத்திலேயே, 1221-இல், குருவான சியூவுக்கு முன்பே இறந்துபோனவர்.

கோபம் வந்தது. இருந்தாலும் பொய் என்று தள்ள மனசு வரவில்லை. ஊர் ஊராக அலைந்த துறவி பெரிய பொது மடத்தின் வாசலில் நின்றால், குரு யார், எந்தப் பரம்பரை என்றுதான் கேட்பார்கள். அந்த எழுத்துதான் அவருக்குச் சோறும் இடமும் வாங்கித் தந்தது. 1280-ஐ அடித்துவிட்டு இரண்டு வரி எழுதினேன்: இறப்பு 1221, லோங்மென் முதல் தலைமுறையாக இவரை வைப்பது 1821-இன் நூல்.

அடுத்து அந்த நூலை எழுதியவரின் பதிவைத் திறந்தேன். மின் யீத, இறப்பு 1836. நடு எழுத்து 'யீ'. பாட்டை விரல்விட்டு எண்ணினேன்: 11. வாங் சாங்யுவே இறந்த 1680-இலிருந்து நாலு தலைமுறை. இங்கே கணக்கு இடிக்கவில்லை.